கருகிய கொப்பரை

“கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு உனக்கு?”

ஹார்லன் போட்ட கத்தலில் கொட்டகையே அதிர்ந்தது.

அமெரிக்காவின் வெர்மான்ட்டில் மேப்பிள் மரச் சாற்றைப் பாகாகக் காய்ச்சுகிறவர்கள் தங்கள் கொட்டகைகளை ஊருக்கெல்லாம் திறந்துவிடும் மார்ச் மாதச் சனிக்கிழமை அது. அள்ளிய பனியில் சூடான மேப்பிள் பாகை ஊற்றி, தொட்டுக்கொள்ள ஊறுகாய் வெள்ளரியும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பி, ஹார்லனின் எதிரே நின்ற லைலைப் பார்த்தார்கள்.

கட்டில் நீளக் கொப்பரை புகைந்துகொண்டிருந்தது. தொட்டியிலிருந்து சாறு வரும் வால்வை யாரோ மூடிவிட்டார்கள். கீழே விறகு எரிந்துகொண்டே இருந்ததில் உள்ளே இருந்தது வற்றி, கரியாகி, கொப்பரையின் அடியும் வளைந்துபோயிற்று. மரங்களில் சாறு இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் கொப்பரை போனால், இறங்குகிற சாறெல்லாம் புளித்து வீணாகவேண்டியதுதான்.

“வால்வை மூடினது நீதானே? வாயைத் தொறந்து சொல்லுடா!”

“நான்தான் மாமா. தெரியாம மூடிட்டேன்.”

“தெரியாமயா? தூங்குமூஞ்சி! பாலை அடுப்புல வச்சாக்கூட ஒரு கண்ணு வைப்பாங்கடா! இந்த சீசனையே குழி தோண்டிப் புதைச்சிட்டியே!”

ஹார்லனின் மனைவி கோரினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லைல் அவள் கூடப் பிறந்த தம்பி. பனி அள்ளும் லாரி ஓட்டுகிறவன், லீவைப் போட்டுவிட்டு அக்கா வீட்டுக்காக வந்து விறகு தூக்குகிறான். திட்டுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

“ஹார்லன், நிறுத்து. ஊரே பாக்குது.”

“பாக்கட்டும்! இவன் லட்சணத்தை எல்லாரும் பாக்கட்டும்!”

“அவன் என்ன நீ வாங்கிப் போட்ட அடிமையா?”

“நீ குறுக்க வராதே கோரின். டேய், வெளிய போடா! என் கண்ணு முன்னாடி நிக்காதே!”

லைல் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினான். பாகு வாங்க வந்திருந்த ஒரு அம்மா, கையிலிருந்த டின்னை மேஜையிலேயே வைத்துவிட்டாள்.

“ஓசியில உழைக்கிறவனுக்கு நல்ல மரியாதை!” என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டுப் போனாள்.

விறகடுக்கின் ஓரத்தில் நின்ற எர்வின், ஹார்லனின் அப்பா, மெல்ல வந்து மகன் தோளைத் தொட்டார்.

“விடுடா. மனுஷன்னா தப்பு வரத்தான் செய்யும். பாவம், சின்னவன்.”

அந்தக் கிழவருக்கு இருக்கிற ஈரத்தில் கால்வாசி இந்த ஆளுக்கு இல்லையே! கோரின் ஏப்ரனைக் கழற்றிக் கணவன் மேல் வீசினாள். சேற்றில் பூட்ஸ் புதையப் புதைய, லைலின் வண்டிக்கு ஓடி ஏறிக்கொண்டாள்.

“எடுடா வண்டியை. இனிமே அந்த ஆள் மூஞ்சியில முழிக்க மாட்டேன்.”

லைல் சாவியைத் தொடவில்லை.

“அக்கா, வால்வை மூடினது பெரியவரு.”

“என்னது?”

“விறகு எடுக்கப் போன எடத்துலேர்ந்து நானும் மாமாவும் பாத்தோம். ஓடிப் போறதுக்குள்ள கருகிடுச்சு. அவருக்கு எதுவும் ஞாபகமில்ல. ‘நானா மூடினேன்? நானா?’ன்னு நடுங்கிப்போய் நின்னாரு. மறதி நோய்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து, ‘ஒரு தப்பு பண்ணினாலும் கொட்டகைப் பக்கமே வரமாட்டேன்’னு சொல்லிக்கிட்டு இருக்காருல்ல? இதுவும் இல்லன்னா மனுஷன் எதுக்கு எந்திரிப்பாரு? அதான், பழியை என் மேல போடுங்க மாமான்னு நான்தான் சொன்னேன்.”

கோரின் திரும்பிக் கொட்டகையைப் பார்த்தாள். ஆனாலும் ஆத்திரம் முழுதாக அடங்கவில்லை.

“அதுக்காக? இத்தனை பேர் முன்னாடி இப்படியா கத்துவாரு?”

“மொதல்ல ரெண்டு தடவை மெதுவாத்தான் திட்டினாருக்கா,” என்றான் லைல். “பெரியவருக்குக் காதுல விழல.”