பன்னிரண்டு எழுத்து

வதனி மூன்றாம் முறையும் கேபிளைப் பிடுங்கிச் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. கணினி மட்டும் இணையம் இல்லை என்று ஒற்றைக்காலில் நின்றது.

மணி ஒன்பது இருபது. பத்து மணிக்கு அவளுக்கு வாய்மொழிப் பரீட்சை.

வீட்டிலிருந்தே படித்த வெளிவாரிப் பட்டத்தின் கடைசிப் படி அது. நாற்பத்துமூன்று வயதில் இவ்வளவு தூரம் ஏறி வந்தவள், இன்றைக்குத் திரையில் முகம் காட்டாவிட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற எண்ணம் அவளுக்கு அறவே இல்லை.

போன வாரத்து இடியில் கணினியின் மதர்போட் கருகிப்போயிருந்தது. இன்று காலை வாழைச்சேனைக் கடை திறக்க முதலே வாசலில் நின்று, புதிதாக மாற்றிக் கொண்டுவந்திருந்தாள். கடையில் இணையம் அழகாக ஓடியது. வீட்டுக்கு வந்ததும் முரண்டு பிடிக்கிறது.

கணவர் கோணாமலை கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார். துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவர். எட்டு மணிக்கே போயிருக்க வேண்டிய மனிசன் இன்றைக்கு அசையவில்லை. எஞ்சின் என்றால் காதை வைத்தே கோளாறு சொல்லிவிடுவார். கணினி என்றால் காத தூரம் ஓடுவார்.

முதலில் கேபிள்தான் பழுது என்றார். பிறகு மழைக்காற்று என்றார். கடைசியில், ஓட்டோ பிடித்துத் தருகிறேன், கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போய் அங்கிருந்து பரீட்சையை முடித்துவிடு என்றார்.

கடைத்தெருவில் மீன் லொறி ஹோர்ன் அடிக்க, ஆட்கள் வந்து சார்ஜர் கேட்க, அதற்கு நடுவில் பரீட்சையா? வதனி போனைக் கையில் எடுத்தாள்.

போன் டேட்டாவையும் நம்ப முடியாது. அந்த வீட்டில் முகம் வந்தால் குரல் வராது, குரல் வந்தால் முகம் வராது. ஆனால் அதே போன் வீட்டு வைஃபையில் தங்குதடையின்றி ஓடியது. அதில் பரீட்சை கொடுக்கலாம் என்றால், ஆய்வு அட்டவணைகளை விரித்துக் காட்டக் கணினிதான் வேண்டும்.

அங்கேதான் அவளுக்குப் பொறி தட்டியது. லைனில் பிழையில்லை. கணினியிலும் பிழையில்லை. அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ரவுட்டர்தான் மாட்டேன் என்கிறது.

ரவுட்டருக்குள் போய்ப் பார்க்கப்போகிறேன் என்றாள்.

கோணாமலை நிமிர்ந்தார். அதிலே கை வைத்தால் உள்ளதும் போய்விடும், இந்த நேரத்தில் வேண்டாம் என்றார். நெற்றி வியர்த்திருந்தது. தன்னுடைய பரீட்சைக்காக இவர் இவ்வளவு பதறுகிறாரே என்று வதனிக்கு மனம் இளகியது.

இளகினாலும் விடவில்லை. நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைத்திருந்த கடவுச்சொல்லைத் தட்டி, போன் வழியாக ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தாள்.

திறந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். பூட்டுப் போட்டதே அவள்தான்.

மூன்று வருடத்துக்கு முன்பு. அம்மா இரண்டு மகள்மாருக்கும் சீதனமாகப் பிரித்துக் கொடுத்த வளவுக் காணி; வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா சீதேவி. பிள்ளையில்லாதவளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய வளவு என்று, ஊர் கூடியிருந்த சடங்கு வீட்டில் வைத்து அக்கா சொன்னாள்.

அந்தச் சொல் இன்னும் ஆறவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

அதுவரை அக்கா வீடும் இந்த இணையத்தைத்தான் பாவித்தது. வீட்டுக்கு வந்த கையோடு வதனி ரவுட்டரில் ஒரு பட்டியல் போட்டாள். ஒவ்வொரு கருவிக்கும் பன்னிரண்டு எழுத்தில் ஓர் அடையாள எண் உண்டு. பட்டியலில் உள்ள எண்ணுக்குத்தான் வழி. அவள் ஏற்றியது மூன்று: தன் போன், அவர் போன், கணினி.

கணினியின் எண் பதிந்திருப்பது மதர்போட்டில்; அது மாறியதும் எண்ணும் மாறிவிட்டது. அவளுடைய பூட்டு அவளையே வெளியே நிறுத்திவிட்டது.

கணினி என்றிருந்த வரியில் பழைய எண்ணை அழித்து, புதியதை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துத் தட்டினாள். சேமித்தாள். பரீட்சைப் பக்கம் மளமளவென்று திறந்தது. பத்துக்கு ஏழு நிமிடம். அவள் துள்ளிக் குதிக்காத குறை.

பட்டியலை மூடப்போனபோதுதான் கண் கீழே போனது. நாலாவதாக ஓர் எண் இருந்தது. அதற்குப் பெயர், மோட்டர்.

அவர்கள் வீட்டில் மோட்டர் என்றால் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ஒன்றுதான். அது இணையத்தில் ஏறி எதைப் பார்க்கப்போகிறது? பக்கத்தில் பச்சைப் புள்ளி. இந்த நிமிடமும் ஓடிக்கொண்டிருந்தது.

வேலிக்கு அப்பால் ஒரு குரல் கேட்டது. அக்காவின் மகள் தனுஷா, சனிக்கிழமை இணைய வகுப்பில் யாருக்கோ விடை சொல்லிக்கொண்டிருந்தாள்.

வதனி திரும்பிப் பார்த்தாள். கோணாமலை கதவு நிலையை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றார்.

காத தூரம் ஓடுகிற மனிசன் பன்னிரண்டு எழுத்தையும் ஒரு பிழையில்லாமல் ஏற்றியிருக்கிறார். அக்காவை அவள் திட்டும்போதெல்லாம் ஓம் ஓம் என்று தலையாட்டியவரும் இவர்தான்.

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. விரல் அழிக்கிற பொத்தானுக்கு மேலே நின்றது. ஒரு தட்டுத்தான்.

தனுஷா இன்னும் விடை சொல்லிக்கொண்டிருந்தாள். பத்துக்கு நாலு நிமிடம்.

"மோட்டருக்கு இண்டைக்கு எத்தினை மணி மட்டும் வகுப்பு?"

கோணாமலை நிலத்தைப் பார்த்தார்.

"பன்னெண்டு மணி மட்டும் போகும், புள்ள. மோட்டருக்கு இந்த முறை ஏ.எல். சோதினை."

வதனி பட்டியலை மூடினாள். ரவுட்டரைத் தூக்கி அக்கா வீட்டுப் பக்கத்து யன்னலில் வைக்கச் சொன்னாள். தனக்குக் கேபிள் எட்டும் என்றாள்.