பதினோரு அடி

"நேரா புடிங்க சார், டேப்பு வளையுது" என்றாள் தனக்கொடி. ஒரு முனையைத் தன் வீட்டு வாசற்படியில் அழுத்திப் பிடித்திருந்தாள். மறுமுனையோடு கோவிந்தராசு, அலை வந்து தொட்டுப்போன ஈரத்தில் குனிந்து நின்றார்.

அளவைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டார்.

"எழுதுனா போதுமா? வாயால சொல்லுங்க சார்."

"பதினோரு அடி."

"போன மாசம் பதினாலு" என்றாள் அவள்.

குருசுக்குப்பத்தின் அந்தக் கடைசி வரிசையில் ஒன்பது வீடுகள் இருந்தன. எட்டுக் குடும்பங்கள் அரசு கொடுத்த மாடிக் குடியிருப்புக்குப் போய்விட்டன. மிச்சம் தனக்கொடி மட்டும்தான்.

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மறுநாள் காலையில் கோவிந்தராசு ஆட்டோவில் வந்து இறங்குவார். "இன்ஜினியரு அளக்குறாரு, சீக்கிரம் அலையத் தடுக்கக் கல்லு கொட்டிருவாங்க" என்று குப்பமே பேசிக்கொண்டது.

அளந்து முடித்ததும் தனக்கொடி அவரை வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போவாள். இடிந்து கிடக்கும் சுவரைக் காட்டுவாள். "இங்கதான் சார். புயல் அன்னிக்கு எங்க வூட்டுக்காரரு வலைய எடுக்க உள்ள போனாரு. கடலு உள்ள பூந்து செவுரு அவரு மேல சாஞ்சிடுச்சி."

மாதாமாதம் அதே இடம், அதே வார்த்தைகள். கோவிந்தராசு தலையை மட்டும் ஆட்டுவார். அந்தச் சுவர் விழுந்தபோது அவர் அங்கே இல்லை. ஆனாலும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால் அது விழும் சத்தம் கேட்கும்.

அன்று அவர் கிளம்பும் நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண் இறங்கினாள். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"கோவிந்தராசு சார்! நான் பூர்ணிமா, உங்க கீழ வேலை பார்த்தேனே. ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சே, இங்க என்ன சார் அளக்குறீங்க?"

கோவிந்தராசு நோட்டை மூடினார்.

வலை சரிபார்த்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்தார். "இன்னாம்மா சொல்ற? அப்ப இங்க கல்லு வராதா?"

"இந்தப் பக்கத்துக்குத் திட்டமே இல்லைங்க" என்றாள் பூர்ணிமா. சங்கடத்தோடு கோவிந்தராசுவைப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டாள். அந்த ஆள் காறித் துப்பிவிட்டுப் போனார்.

கோவிந்தராசு வாசற்படியில் தளர்ந்து உட்கார்ந்தார். ஒரு பெரிய அலை அவர் செருப்பு வரை வந்து திரும்பியது.

"மொத பிளான்ல கல்லு இந்த வூடு வரைக்கும் வந்துச்சிம்மா" என்றார். "அப்ப வடக்கால ஒரு பெரிய புள்ளி ஓட்டல் கட்ட ஆரம்பிச்சாரு. மேலேருந்து போன் வந்துச்சி. கல்லெல்லாம் அங்க போயிடுச்சி."

தனக்கொடி டேப்பைக் கையில் எடுத்தாள்.

"புது மேப்புல இந்த ஒம்போது வூட்டயும் எடுத்துட்டு, வெறும் மணல்னு காட்டுனாங்க. அதுல கையெழுத்து போட்டது நான்தான். போடலன்னா ஆந்திராப் பக்கம் ஏனாமுக்குத் தூக்கி அடிச்சிருப்பாங்க." அவர் நோட்டைக் கீழே வைத்தார். "ஒங்க வூட்டுக்காரரு போனதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. வந்து அளந்தா எதையோ செய்யற மாதிரி இருந்துச்சி."

அவள் டேப்பிலிருந்த மணலை முந்தானையால் துடைத்து, நிதானமாகச் சுருட்டினாள்.

"தெரியும் சார். அவரு காரியம் முடிஞ்ச மறுவாரமே தகவல் கேட்டு மனு போட்டு அந்த மேப்ப வாங்கிட்டேன். ஒங்க பேரு கீழ இருக்குது."

கோவிந்தராசு திகைத்துப்போய் நிமிர்ந்தார். "அப்பறம் ஏம்மா இத்தன மாசமா எனக்கு டேப்பு புடிச்சீங்க?"

"நீங்க வந்து அந்தச் செவுரப் பாக்கணும்னுதான் சார் நான் வூட்டயே காலி பண்ணல."