முப்பத்தோராம் பக்கம்

அன்று கூட்டத்துக்கு வந்தவர்கள் நான்கு பேர். தலைவர் குலசேகரம். சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அலாவுதீன். மருத்துவமனைத் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற மஹ்பூபா; எல்லாருக்கும் 'மிஸ்ஸி'. பாயான் லெப்பாஸ் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துகொண்டு, ஞாயிறுதோறும் இங்கே கணினியைப் பார்த்துக்கொள்ளும் யசோதரன்.

ஜார்ஜ் டவுனில் அது ஒரு இலவச டயாலிசிஸ் மையம். காலியாக இருந்தது நான்கு இடம். கேட்டிருந்தவர்கள் பதினெட்டுப் பேர். ஆளுக்கு முப்பத்து நான்கு பக்கக் கோப்பு, எல்லாம் கணினியில்.

"மிஸ்ஸி, எத்தனை கோப்பு படிச்சீங்க?" என்றார் தலைவர்.

"ஏழு."

"ரெண்டு வாரத்துல ஏழா? நான் பதினெட்டையும் ஒரே சாயங்காலத்துல முடிச்சிட்டேன்."

"தலைவர் ஏரோப்ளேன், மிஸ்ஸி சைக்கிள் லா!" அலாவுதீன் சிரித்தார்.

மஹ்பூபா கண்ணாடியைத் துடைத்தார். "எனக்கு மெதுவாத்தான் படிக்க வரும்."

"இனிமே கணினி மேல பழி போட முடியாது. முன்ன ஒரு பேரைத் தொட்டா பத்து நிமிஷம் காத்திருக்கணும். நான் சொல்லித்தான் தம்பி சரி பண்ணினார்," என்றார் தலைவர்.

யசோதரனுக்கு முகம் மலர்ந்தது. "முன்ன பேரைத் தொட்டாலே ஸ்கேன், எக்ஸ்ரேன்னு முழுக் கோப்பும் வந்து இறங்கும் ஐயா. இப்ப நீங்க புரட்டுற பக்கம் மட்டும்தான் வரும்."

"ஒரு கரண்டி கறி கேட்டா சட்டியையே தூக்கிட்டு வந்த மாதிரி," என்றார் அலாவுதீன்.

தலைவர் பேனாவைத் திறந்தார். "சிவநேசன். பேக்டரி பஸ் ஓட்டுநர். வேலை இருக்கு. வெளியில காசு கட்டிப் பண்ணிக்கலாம்."

பெயரின் மேல் கோடு போட்டார்.

"தலைவரே, அவருக்கு இப்ப வேலை இல்லை," என்றார் மஹ்பூபா. "கண் மங்கிப்போச்சுன்னு நிறுத்திட்டாங்க. முப்பத்தோராம் பக்கத்துல கடிதம் இருக்கு. வாரம் மூணு தடவை செய்ய வேண்டியவர், காசில்லாம ஒரு தடவைதான் செய்யிறார். கால் ரெண்டும் வீங்கியிருக்கு."

தலைவரின் பேனா பெயருக்கு மேலேயே நின்றது.

"படிச்சேன். இருந்தாலும் வேற வேலை பார்க்கலாம்ல?"

மஹ்பூபா குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பக்கம் உங்களுக்குச் சரியா திறக்கலையோ என்னவோ. கணினிதானே."

யசோதரனுக்குச் சுருக்கென்றது. "திறக்காம இருக்காது அக்கா. யாருக்கு எந்தப் பக்கம் போச்சுன்னு அதிலேயே பதிவாகும். இப்பவே பார்க்கிறேன்."

"தம்பி, விடுங்க," என்றார் மஹ்பூபா.

அதற்குள் அவன் பதிவைத் திறந்துவிட்டான்.

"மிஸ்ஸி அக்கா, ஏழு கோப்பு, எல்லாப் பக்கமும். அலாவுதீன் அண்ணே... நீங்க ஒண்ணுமே திறக்கலையே?"

"தலைவர் படிச்சிருப்பார்னு நம்பி நான் கையெழுத்துப் போடுறவன் லா."

"தலைவர் ஐயா..."

யசோதரன் நிறுத்தினான். திரையைத் தன் பக்கம் திருப்பப் பார்த்தான். குலசேகரம் அதைப் பிடித்துக்கொண்டார். குனிந்து, மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.



"கணினி சில நேரம் தப்பாக் காட்டும்," என்றார் மஹ்பூபா.

"இல்ல மிஸ்ஸி. கணினி சரியாத்தான் இருக்கு."

குலசேகரம் பேனாவை மூடினார். நாற்காலியைக் கணினிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முடிவு இன்னிக்கே சொல்லணும். நான் படிச்சு முடிச்சிட்டுத்தான் எழுந்திரிப்பேன். சிவநேசன்லேர்ந்து ஆரம்பி தம்பி." பிறகு மெல்லக் கேட்டார். "எனக்கு மொத்தம் எத்தனை பக்கம் பாக்கி?"

யசோதரன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொன்னான்.

"கோப்புக்கு முப்பத்து மூணு. மொத்தம் ஐந்நூற்றுத் தொண்ணூற்று நாலு, ஐயா."