பெத்தம்மாளின் குவளை

பையனின் மூக்கை இறுக்கிப் பிடித்து, குவளையில் இருந்த இரண்டு கரண்டிக் கொயினாவையும் அவன் வாயில் கவிழ்த்தாள் முனியாயி.

பையன் விழுங்கினான். கஞ்சித் தட்டை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தான். நாலு வாய்கூட இறங்கியிருக்காது, எழுந்து கொட்டகைக்குப் பின்னால் ஓடினான். அவன் ஓங்கரிக்கும் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது.

இன்று இவன் ஆறாவது.

அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் முதலில் மலேரியாச் சுரம் வராமலிருக்கக் கொயினா மருந்து, பிறகுதான் கஞ்சி. பச்சைப்பயறு போட்ட புழுங்கலரிசிக் கஞ்சி, தொட்டுக்கொள்ள கோலா சுங்கை பாரு ஊரிலிருந்து வரும் நெத்திலிக் கருவாடு. பிள்ளைகள் கஞ்சிக்குப் பறப்பார்கள், கொயினாவுக்குப் பதுங்குவார்கள். ஒரு கரண்டி வரைக்கும் எப்படியோ முகத்தைச் சுளித்து ஒப்பேற்றிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இப்போது இரண்டு கரண்டி. காய்ச்சிய கஞ்சியில் பாதி வாழைமரத்தடியில் போய்ச் சேருகிறது.

அளவைக் கூட்டியவர் தோட்டத்து மருந்தகம் பார்க்கும் டிரசர் ராமையா. அவரைக் குறை சொல்ல முடியாது. நாள் தவறாமல் மருந்து குடித்த பிள்ளையே சுரம் கண்ட மூன்றாம் நாள் போய்விட்டதென்றால், ஒரு கரண்டி எப்படிப் போதும் என்று மனுஷன் பயந்துபோனார்.

அந்தப் பிள்ளை முனியாயியின் மகள் பெத்தம்மாள். ஏழு வயது. ஒற்றைப் பிள்ளை.

பதினாறாம் நாள் காரியத்தை முடித்துவிட்டு இன்றுதான் முனியாயி பள்ளிக்கூடத்தில் கஞ்சி காய்ச்சும் வேலைக்குத் திரும்பியிருக்கிறாள். லயத்து வீட்டில் கிடந்து சுவரைப் பார்த்து அழுவதற்கு இங்கே வந்து அடுப்பை ஊதலாம் என்று வந்தாள். வந்த இடத்தில்தான் இந்த இரண்டு கரண்டிச் சங்கதி தெரிந்தது.

காலையிலிருந்து டிரசரிடம் ஒன்று சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுக்கிறாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். டிரசரோ அவள் முகத்தைப் பார்க்கவே கூசி, பேரேட்டில் குனிந்து பிள்ளைகளின் பெயருக்கு எதிரே கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்.

அடுத்து வந்தவள் கமலவேணி. பெத்தம்மாளோடு ஒட்டிக்கொண்டே திரிந்தவள். மருந்துப் போத்தலைப் பார்த்ததும் தன் பால் டின் குவளையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, சுவரைக் காட்டினாள். கடைசி ஆணியில் சிவப்பு நூல் கட்டிய ஒரு குவளை தொங்கியது. அதை இத்தனை நாளாக யாரும் தொடவில்லை.

“இதுல வேணாம் அத்தே. பெத்தம்மா டின்னுல ஊத்துங்க. அதுல குடிச்சா கசக்காதுன்னு அவ சொல்லியிருக்கா.”

டிரசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்கக்காரியின் எதிரில் சிரிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டு, சிறுபிள்ளை ஆசையைக் கெடுப்பானேன் என்று தாமே எழுந்து போய் அந்தக் குவளையை எடுத்தார்.

தடுக்க நீண்ட முனியாயியின் கை பாதியிலேயே நின்றுவிட்டது.

அன்று குடித்து முடித்த கையோடு நடுக்கம் கண்டு விழுந்தவள் பெத்தம்மாள். கழுவாத குவளையை யாரோ எடுத்து மாட்டியிருக்கிறார்கள்.

அடியில் பழுப்பாக ஏதோ காய்ந்து கிடந்தது. அதில் எறும்புகள் கூட்டமாக ஒட்டிச் செத்திருந்தன.

கொயினாவுக்கு எறும்பு வராது. இது டிரசருக்குத் தெரியாதா?

கொயினா உள்ளே போனால் பெத்தம்மாளுக்குக் குடலைப் புரட்டும், ஒரு வாய்க் கஞ்சி தங்காது. எலும்பும் தோலுமாய் நின்ற மகளைப் பார்க்கச் சகிக்காமல், கஞ்சியாவது உடம்பில் ஒட்டட்டும் என்று, அடுப்பு மறைவில் கொயினாவுக்குப் பதிலாக வெல்லத்தைக் கரைத்து ஊற்றியவள் பெற்றவளேதான். ஒரு மாதமாகத் தினமும் ஊற்றினாள். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. ‘குடிச்சிட்டா ஐயா’ என்று அவளே சொன்னாள், அவரும் கோடு போட்டார்.

டிரசர் யாரையும் பார்க்கவில்லை. குவளையைத் தொட்டியடிக்குக் கொண்டுபோய், மணலைப் போட்டுத் தேய்த்து, இரண்டு தடவை அலசினார். திரும்பி வந்து அதை முனியாயியின் கையில் கொடுத்தார். குரல் அவருக்கே கேட்டிருக்காது.

“இனிமே பழையபடி ஊத்தும்மா. ஒரு கரண்டியே போதும்.”

முனியாயி ஒரு கரண்டி அளந்து, மகளின் குவளையில் ஊற்றினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

கமலவேணி ஆசையாக வாங்கி வாயில் வைத்தாள். நாக்கில் பட்டதும் முகம் கோணியது. பெத்தம்மாள் பொய் சொல்லிவிட்டாள் என்று ஓவென்று அழுதாள்.

முனியாயியும் அழுதாள். அழுதுகொண்டே அவளை மடியில் இழுத்து உட்காரவைத்து, மூக்கைப் பிடித்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்கவைத்தாள்.