முடிவை வெளியே சொல்லாதீர்கள்

கடைசிப் பத்து நிமிஷம் வந்ததும் டார்ச்சுக்காரரின் கால்கள் தாமாகவே எழுந்துகொண்டன.

மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

தொட்டில் பழக்கம் மட்டுமா, தியேட்டர் பழக்கமும் லேசில் போகாது. வேலையை விட்டுப் பதினாறு வருஷம் ஆகியும் இந்த லட்சணம்.

இதே தியேட்டர், இதே கறுப்பு வெள்ளைப் படம். துறைமுகம், கடத்தல் வைரம், மூன்று கொலை, தூங்கும்போதும் தொப்பி கழற்றாத துப்பறிவாளர். அன்றைக்கு நூறு நாள் ஓடியது. நூறு நாளும் டார்ச் அடித்து ஆட்களை உட்கார வைத்தவர் இவர்தான். ஆனால் கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் வெளியே போய், நாலு கதவின் தாழ்ப்பாளையும் நீக்கிவிட்டு வாசலில் நிற்க வேண்டும். முதலாளி உத்தரவு.

ஆக, கொலைகாரன் யார் என்று ஊருக்கே தெரியும், இவரைத் தவிர.

‘முடிவை வெளியே சொல்லாதீர்கள்’ என்று வாசலில் போர்டு வேறு. ஆபரேட்டரைக் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான், படுபாவி.

அப்புறம் படப்பெட்டியே எங்கோ தொலைந்துபோய், இப்போதுதான் யாரோ தேடிப் பிடித்துத் தூசி தட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் கண் மூட மாட்டேன் என்று காலையிலேயே சவரம் செய்துகொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த நூறு நாளும் வீண் இல்லை. படம் முடிந்து வெளியே வந்த ஒவ்வொருவரும் வாசலில் நின்ற இவரை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். குழந்தைகள் அம்மாவின் பின்னால் ஒளிந்தன. ஒருத்தர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். அதையும் ஒரு வகை மரியாதை என்றே எடுத்துக்கொண்டார். எல்லாம் மீசையின் மகிமை என்று தினமும் அதற்கு எண்ணெய் போட்டார்.

அப்படி ஒரு மாட்னி முடிந்து வந்தவள்தான் அந்த இரட்டைச் சடைக்காரி. மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள். போதாதா? மறு வாரமே அவள் வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்டுவிட்டார்.

நாற்பத்திரண்டு வருஷமாக வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் இவருடைய கடைசி அஸ்திரம் அதுதான். முதலில் பார்த்தது யார், நீயா நானா? அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

திரையில் துப்பறிவாளர் ஒரு தியேட்டருக்குள் நுழைந்தார். மூன்று கொலையும் செய்த கடத்தல் கும்பலின் தலைவன் இங்கேதான் இருக்கிறான் என்றார். இருட்டில் ஒரு டார்ச் எரிந்தது. அதைத் தட்டிப் பறித்து, பிடித்திருந்தவன் முகத்துக்கே திருப்பினார்.

காக்கிச் சட்டை. முறுக்கு மீசை. ஆட்களை உட்கார வைக்கிற டார்ச்சுக்காரன்.

அட, கடவுளே!

இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நூறு நாளும் ஊர் எதைப் பார்த்தது என்று இப்போது புரிந்தது. மெதுவாகப் பக்கத்தில் திரும்பினார்.

மனைவி கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். நாற்பத்திரண்டு வருஷத்துச் சிரிப்பு.

“அப்போ நீ அன்னிக்கு மூணு தடவை திரும்பிப் பார்த்தது?”

“மொத ரெண்டு தடவை பயத்துலதாங்க.”

விளக்குகள் எரிந்தன. டார்ச்சுக்காரர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஒன்று மிச்சம் இருந்தது.

மீசையை முறுக்கிக்கொண்டு கதவைத் திறக்கப் போனார்.