கதவைப் பார்த்த மீன்

“புருசன் விழுந்து செத்த கட்டடத்திலை போய்ப் படுக்கவேணும் எண்டு ஆரும் கேப்பினமோ, அண்ணி?”

கஜானன் போனைக் கதிரையில் போட்டான். பத்மாவதி சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கினாள்.

மகள் கோபிகாவின் விசா அலுவலாகத் தாயும் மகளும் கொழும்புக்குப் போகவேண்டும். ஒரு இரவுத் தங்கல்தான். ஊரிலிருந்து போகிற கொக்குவில் சனம் வழக்கமாகத் தங்குகிற லொட்ஜ் வெள்ளவத்தையில் இருக்கிறது. பத்மாவதிக்கோ கடற்கரையோரம் புதிதாக எழும்பிய அந்தக் கண்ணாடி ஹோட்டல்தான் வேண்டுமாம்.

அதில் டைல்ஸ் பதிக்கப் போனவர்தான் அவளுடைய புருசன், கஜானனின் அண்ணன் சீவரத்தினம். கட்டி முடியுமுன் லிஃப்ட் குழிக்குள் விழுந்துபோனார். பெட்டி மூடியபடியேதான் வீட்டுக்கு வந்தது. முகம் காட்டவில்லை.

ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு இவளுக்குச் சொகுசு கேட்கிறது என்று பக்கத்து வீட்டு நாகேஸ்வரி ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தாள். கஜானனும் அப்படித்தான் நினைத்தான். பொய் சொல்லி என்ன, நினைத்தான்.

பத்மாவதி ஹோட்டல் அறைகளின் படங்களைப் போனில் காட்டச் சொன்னாள். காட்டினான். கட்டிலைப் பார்க்கவில்லை, கடலைப் பார்க்கவில்லை. குளியலறையை மட்டும் கேட்டாள்.

“தொட்டிக்குள்ளை கிடந்து குளிக்கிற ஆசையோ?”

அவள் சிரிக்கவில்லை. “உதில்லை. உதுமில்லை. அடுத்ததைத் தள்ளு.”

டொக். டொக்.

வீட்டின் பின்பக்கத்துக் குளியலறையிலிருந்து வந்தது. டைல்ஸ் கல்லை மட்டம் பார்த்து ரப்பர் சுத்தியலால் தட்டுகிற மாதிரி.

பைப் ஒழுகுது போல என்றான் கஜானன். ஒரு வருசமாய் ஒழுகுது சித்தப்பா, நிலம் காய்ஞ்சுதான் கிடக்கு என்றாள் கோபிகா, புத்தகத்திலிருந்து தலையெடுக்காமல். எழும்பிப் போய்ப் பார்க்க அவனுக்குக் கால் வரவில்லை.

“அண்ணை அந்த ஹோட்டலிலை நிக்கிறார் எண்டு நினைக்கிறியளோ, அண்ணி?”

“இஞ்சை தட்டுறவர் அங்கை எப்பிடி நிப்பார்?”

அடுத்த படம். அவளுடைய விரல் அதில் நின்றுவிட்டது.

பதினோராம் மாடி மூலை அறை. குளியலறைச் சுவர் முழுக்க நீல மீன்கள். எல்லாம் யன்னலையும் கடலையும் பார்த்து நீந்தின. கீழ் மூலையில் ஒரேயொரு மீன் மட்டும் திரும்பிக் கதவைப் பார்த்தது. கஜானனுக்குத் தன்னைத்தான் பார்க்கிறது போலிருந்தது.

தட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

இந்த வீட்டுக் குசினிச் சுவர்க் கல்லிலும், அடுப்புக்கு மேலே, ஒரு பூ தலைகீழாய் இருக்கும். அண்ணை கைவைத்த எந்த வீட்டிலும் ஒரு கல்லாவது மாறித்தான் இருக்கும். குறையில்லாத வீட்டில் கண்ணூறு விழும், அது அங்கே படுத்தெழும்புகிற ஆக்களுக்குக் கூடாது என்பார்.

“கடைசியாப் போனிலை கதைக்கேக்கை சிரிச்சவர்,” என்றாள் பத்மாவதி. “எஞ்சினியர் கண்டிட்டாராம். விடிஞ்சதும் முதல் வேலையா அந்த மீனை உடைச்சு ஒழுங்கா வை எண்டவராம். ஓம் சேர் எண்டிட்டன், ஆனா இதுக்குள்ளை ஆர் ஆற்றை பிள்ளையள் வந்து படுக்குங்களோ எண்டார். அடுத்தநாள் பின்னேரம் விழுந்திட்டார்.”

கஜானன் படத்தைப் பெரிதாக்கி அந்த மீனைப் பார்த்தான்.

“மூடின பெட்டிக்குள்ளை என்ன இருந்ததெண்டு எனக்குத் தெரியாது, தம்பி. அந்தக் கல்லிலை அவற்றை கை பட்டிருக்கு. ஒருக்காத் தடவிப்போட்டு வாறன்.”

கஜானன் போனிலேயே அந்த மூலை அறையை ஓரிரவுக்குப் பதிந்தான். பதிந்த பிறகும் படத்தை மூட மனம் வரவில்லை.

விடிந்ததும் உடைக்கச் சொன்ன மீன். பின்னேரம் விழும்வரைக்கும் அண்ணை அதில் சுத்தியல் வைக்கவேயில்லை.