பால் சுரக்கும் நேரம்

நூல் மில்லின் சுவர்க் கடிகாரத்துக்கு, கீழே ஆணியில் தொங்கும் சோற்றுத் தூக்குப்போசியைக் கண்டாலே ஆகாது.

"பன்னிரண்டு ஆக இன்னும் கால் மணி இருக்கிறது. சங்கு ஊதும்வரை பேசாமல் தொங்கு" என்றது கடிகாரம்.

"உன்மேல்தான் எனக்குச் சந்தேகம். கொஞ்ச நாளாக, நீ பன்னிரண்டு அடிப்பதற்குள் என் மோர்ச்சோறு புளித்துவிடுகிறது."

"வெயில் காலம், புளிக்கத்தான் செய்யும். இந்த மில்லுக்கே நேரம் சொல்கிறவன் நான்!"

தூக்குப்போசிக்குச் சொந்தக்காரி மாராத்தாள் எதிரே அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தாள். கைக்குழந்தையை மில்லை ஒட்டிய லைன் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறவள். சங்கு ஊதியதும் ஓடிப்போய்ப் பால் கொடுப்பாள். இப்போது மார் கனத்து, அவள் ரவிக்கை நனைந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"பார்த்தாயா? குழந்தைக்குப் பசிக்கிற நேரம் வந்தாயிற்று. பாலுமா பொய் சொல்லும்?" என்றது தூக்குப்போசி.

அந்நேரம் மேஸ்திரி ஒரு முக்காலியோடு வந்தார்.

"என்னைத் துடைக்க வருகிறார்" என்று கடிகாரம் அவசரமாகச் சொன்னது.

மேஸ்திரி கையில் துணி இல்லை. ஏறிக் கண்ணாடியைத் திறந்து, பெரிய முள்ளை இன்னும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிவிட்டு இறங்கினார். தூக்குப்போசி கடிகாரத்தையே பார்த்தது. கடிகாரம் டிக் டிக் என்றது.

போகிற வழியில் மேஸ்திரி மாராத்தாளிடம் நின்றார். மறுபடி விலகியிருந்த முந்தானையை முறைத்துப் பார்த்தார்.

"ஏம்புள்ள, ரவிக்கையெல்லாம் ஈரமா இருக்குது? வேலை நேரத்துல யாரைக் கேட்டுத் தண்ணி குடிக்கப் போனே?"